நான்கு இட்லிக்கு 168 காட்டுகிறது, இட்லியை விட்டுவிடவா டாக்டர்?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 43. மதுரையில் வங்கியில் வேலை. அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள்ளேயே சுகர் வந்துவிட்டது. இந்த வருடம் ஆபீஸில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) 6.1, வெறும் வயிற்றுச் சர்க்கரை 101, ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. ‘சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, வாயைக் கட்டுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எடை 68 கிலோ, உயரம் 156 செ.மீ. மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை.

பெங்களூரில் இருக்கும் தம்பி, கையில் ஒட்டிக்கொண்டால் இரண்டு வாரம் தொடர்ந்து சர்க்கரையைக் காட்டும் சென்சார் ஒன்றை வாங்கி அனுப்பினான். ஒட்டிய நாளிலிருந்து போனையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான்கு இட்லியும் காபியும் சாப்பிட்டால் 168. நல்லது என்று நினைத்துக் குடித்த ராகிக் கஞ்சிக்கு 181. ஒரு நாள் ராத்திரி மூன்று மணி வாக்கில் அலாரம் அடித்து 56 என்று காட்டியது. பயந்துபோய் எழுந்து இரண்டு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டேன். இப்போது காலையில் சீஸ் போட்ட ஆம்லெட்டும் வெண்ணெய் கலந்த கறுப்புக் காபியும்தான். வாழைப்பழத்தைத் தொடுவதில்லை. கோடு நேராகப் போகிறது. ஆனால் மாமியாருக்கு வருத்தம். இத்தனை வருடம் மாவரைத்துப் போட்ட வீட்டில் இட்லி விஷமாகிவிட்டதா என்று கேட்கிறார்.

இட்லியை விட்டுவிட வேண்டுமா? அந்த 56 ஆபத்தா? மாதாமாதம் சென்சார் வாங்கிப் போட வேண்டுமா? எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கொஞ்சம் குண்டு. அவள் கையிலும் ஒன்று ஒட்டிப் பார்க்கலாமா? ஆப்பில் வந்த படங்களையும் நான் எழுதிவைத்த சாப்பாட்டுக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன். இரண்டு வாரச் சராசரி 109 என்று இருக்கிறது.

- மதுரை வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வங்கி வேலை என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் அந்தக் குறிப்பைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பேன். எத்தனை மணிக்கு, எத்தனை இட்லி, சட்னியா சாம்பாரா என்பதுவரை வரவு வைத்திருக்கிறீர்கள். சென்சார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வெறும் கோட்டை மட்டும் நீட்டுவார்கள். என்ன சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்று தெரியாமல் அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் குறிப்பில் விஷயம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 56. தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே. அந்த ராத்திரியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 2.40 வரை 90ஐ ஒட்டிப் போன கோடு, கால் மணி நேரத்தில் செங்குத்தாகச் சரிகிறது. கொஞ்ச நேரம் அங்கேயே கிடக்கிறது. நீங்கள் எழுந்து உட்கார்ந்ததும் அதே வேகத்தில் 94க்கு ஏறிவிடுகிறது. சென்சார் இடது கையில். ஒருக்களித்துப் படுப்பதும் இடது பக்கம்தான் என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், சென்சார் நுனியைச் சுற்றியுள்ள நீரில் சர்க்கரையும் குறையும். உடம்பு முழுக்கக் குறைந்துவிட்டதாக சென்சார் நினைத்துக்கொள்கிறது. எண் மேலே வந்தது நீங்கள் சாப்பிட்ட சர்க்கரையால் இல்லை, கையை விடுவித்ததால்.

இது ஏன் நடக்கிறது என்றால், சென்சார் ரத்தத்தைப் பார்ப்பதே இல்லை. தோலுக்குக் கீழே ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு மெல்லிய இழை நிற்கிறது. செல்களுக்கு நடுவே இருக்கும் நீரில் உள்ள குளுக்கோஸ், அந்த இழையில் பூசிய நொதியோடு வினைபுரிந்து சின்ன மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதைத்தான் எண்ணாக்கி போனுக்கு அனுப்புகிறது. ரத்தத்தில் ஏறும் சர்க்கரை அந்த நீருக்கு வந்து சேர ஐந்திலிருந்து பதினைந்து நிமிடம் பிடிக்கும். லேப் ரிசல்ட்டோடு ஒப்பிட்டால் நல்ல சென்சாரிலும் சராசரியாக ஒன்பது, பத்து சதவீத வித்தியாசம் வரும். உங்கள் 168 உண்மையில் 152ஆகவும் இருக்கலாம், 184ஆகவும் இருக்கலாம். ஒட்டிய முதல் நாள் இன்னும் மோசம். தோலில் குத்திய காயம் அடங்கும்வரை எண் தாறுமாறாக இருக்கும். முதல் நாள் காலையில் வந்த 128ஐ வட்டம் போட்டுவைத்திருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். சளி பிடித்தால் விட்டமின் சி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதையும் குறித்துவையுங்கள். சில சென்சார்களில் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் எண் பொய்யாக ஏறும்.

அடுத்த முறை ராத்திரியில் அலாரம் அடித்தால் எழுந்து உட்காருங்கள், குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பாருங்கள். அதிலும் 70க்குக் கீழே காட்டி, வியர்வை, நடுக்கம், படபடப்பும் இருந்தால் அது விசாரிக்க வேண்டிய விஷயம். ஒன்று மட்டும் எல்லா வாசகர்களுக்கும் சொல்கிறேன். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ‘கை அழுந்தியிருக்கும்’ என்று திரும்பிப் படுத்துவிடக் கூடாது. மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் முதலில் சர்க்கரையைச் சாப்பிட வேண்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி இட்லி.

நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கும் அந்தக் காலைப் பலகாரத்தில் இட்லி மட்டும் இல்லை. நான்கு இட்லியில் நாற்பது கிராம் பக்கம் மாவுச்சத்து இருக்கும். கூடவே காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அது ஒரு பத்து கிராம். தொட்டுக்கொண்டது தேங்காய்ச் சட்னி, பருப்பு இல்லை. சாப்பிட்டதும் ஸ்கூட்டி, அப்புறம் கவுன்ட்டரில் நாற்காலி. 50 நிமிடத்தில் 168 போய், இரண்டு மணி நேரம் ஆவதற்குள் 114க்கு இறங்கியிருக்கிறது. அது உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதன் அடையாளம். சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும். அமெரிக்காவில் சர்க்கரை நோய் இல்லாத ஏழு வயது முதல் எண்பது வயதுவரை உள்ள 153 பேருக்கு சென்சார் ஒட்டிப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களுக்கே ஒரு நாளில் சுமார் அரை மணி நேரம் 140க்கு மேல்தான் இருந்தது. ஆக, 140ஐத் தொட்டதும் சிவப்பு விளக்கு எரிய வேண்டியதில்லை.

அதற்காக 168ஐத் தூக்கிப் போடவும் மாட்டேன். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2024இல் ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் 155ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய நிலை என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது ரத்தக்குழாயில் எடுத்து லேபில் பார்க்கும் எண். சென்சாரில் வந்த எண்ணை அதோடு பொருத்திப் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. அந்த டெஸ்ட்டையே செய்துவிடலாம், கீழே சொல்கிறேன்.

ராகிக் கஞ்சி கதை எனக்கு ஆச்சரியமே இல்லை. சிறுதானியம் என்றாலே சுகர் ஏறாது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. ராகியில் சுண்ணாம்புச்சத்து உண்டு, நார்ச்சத்து உண்டு, எல்லாம் சரி. ஆனால் நைசாக அரைத்து, வேகவைத்து, நீர்க்கக் கரைத்து ஒரு டம்ளரில் ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டால் குடலுக்கு அதை உடைக்க வேலையே இல்லை. என்ன தானியம் என்பதைப் போலவே எவ்வளவு நைசாக அரைத்தது, மென்றதா குடித்ததா என்பதும் முக்கியம். ஓட்ஸ் கஞ்சிக்கும் இதே கதைதான். கூழாகத்தான் வேண்டும் என்றால் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோடு குடித்துப் பாருங்கள்.

வெண்ணெய்க் காபிதான் எனக்குக் கவலை. கோடு நேராக ஓடுவதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்படுகிறீர்கள். கோடு நேராக இருப்பதுதான் இலக்கு என்றால் பட்டினி கிடந்தாலும் இருக்கும், சாராயம் குடித்தாலும் பல சமயம் இருக்கும், ஏனென்றால் ஈரல் அப்போது சர்க்கரையை வெளியே விடுவதில் சுணங்கும். வெண்ணெய், சீஸ், நெய், டால்டா எதுவும் அந்தக் கோட்டை அசைக்காது. கெட்ட கொலஸ்டிரால் எவ்வளவு, ட்ரைகிளிசரைடு எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா, ஒன்றும் அதற்குத் தெரியாது. முக்கியமாக, இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்று தெரியாது. சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போகத் தொடங்கும். கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுரந்து சர்க்கரையைப் பிடித்து நிறுத்தும். அந்தக் காலகட்டத்தில் சென்சார் அழகான கோட்டைத்தான் காட்டும்.

நீங்கள் இரண்டு வாரத்துக்குள் காலைச் சாப்பாட்டில் மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பால் கொழுப்பை வைத்திருக்கிறீர்கள். முட்டை இருக்கட்டும், நல்லதுதான். வெண்ணெயையும் தினசரி சீஸையும் நிறுத்துங்கள். அப்பாவுக்கு நெஞ்சுவலி, பைபாஸ் என்று ஏதாவது உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். வாழைப்பழத்தை விட்டதற்கும் காரணமில்லை. சின்னப் பழம் ஒன்றைச் சாப்பாட்டோடு சாப்பிடலாம், ஜூஸாக அடிக்காமல்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் படங்களில் நான் அதிக நேரம் பார்த்தது இரண்டு ராத்திரிகளை.

ஒன்று, செவ்வாய்க்கிழமை. பேங்கிலிருந்து வர ஒன்பது தாண்டிவிட்டது. 10.15க்கு மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்கு மசால். பதினொன்றுக்குப் படுக்கை. கோடு 170ஐத் தாண்டி, இறங்க மனமில்லாமல் ராத்திரி ஒன்றரை மணிவரை 140க்கு மேலேயே நிற்கிறது. மறுநாள் காலை 112. இன்னொன்று, நீங்கள் ஆம்லெட்டுக்கு மாறுவதற்கு முன்னால் வந்த கிருத்திகை. பகலில் பழமும் பாலும். சாயங்காலம் 7.15க்கு மூன்று இட்லி, சாம்பார். அப்புறம் நடந்தே கோயிலுக்குப் போய் வந்திருக்கிறீர்கள். அன்றைக்கு உச்சம் 138. ஒன்பது மணிக்கு 101. மறுநாள் காலை 95.

அதே இட்லிதான் சகோதரி. எண்ணிக்கையில் ஒன்று குறைவு, பருப்பு கூட, சர்க்கரைக் காபி இல்லை, சாப்பிட்டதும் நடை. செவ்வாய்க்கிழமை ராத்திரி நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிய சப்பாத்திக்கு 170 வந்திருக்கிறது, அதை நீங்கள் வட்டம் போடவே இல்லை! ஒரு நாளை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பது உண்மை. ஆனால் பத்து மணிக்கு மேல் சாப்பிட்ட ராத்திரிகள் எல்லாமே உங்கள் படங்களில் இதே மாதிரிதான் இருக்கின்றன. நேரமாக ஆக இன்சுலின் சுரப்பும் மந்தம், அது வேலை செய்வதும் மந்தம். காலையில் சமாளிக்கிற அதே அளவு சாப்பாட்டை ராத்திரி பத்து மணிக்கு உடம்பால் அவ்வளவு லேசாகச் சமாளிக்க முடியாது. நடையின் கணக்கு வேறு. வேலை செய்கிற தசை, இன்சுலின் வந்து கதவைத் திறக்கும்வரை காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பிட்ட அரை மணிக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே கோட்டின் உச்சி மழுங்கிவிடுகிறது.

வங்கியில் சீக்கிரம் கிளம்ப முடியாது என்று எனக்கும் தெரியும். வருடக் கணக்கு முடிக்கிற மாதத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் இப்படிச் செய்து பாருங்கள்: இரவுச் சாப்பாட்டின் முக்கால் பாகத்தை டப்பாவில் கொண்டுபோய் ஏழு மணிக்கு அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். இரண்டு இட்லியோ ஒரு தோசையோ, கூட சுண்டலோ அவித்த முட்டையோ. வீட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணம் காய், மோர், அவ்வளவுதான். பிறகு வீட்டாரோடு தெருவில் ஒரு நடை. காலையில் இட்லி மூன்று, காய் நிறையப் போட்ட சாம்பார், சர்க்கரை இல்லாத காபி. அத்தையிடம் சமாதானமாகப் போங்கள், மாவு தொடர்ந்து அரைக்கட்டும்.

உங்கள் சராசரி 109 என்பதில் இன்னொரு சேதியும் ஒளிந்திருக்கிறது. எச்பிஏ1சி 6.1 என்றால் கணக்குப்படி சராசரிச் சர்க்கரை 128 பக்கம் இருக்க வேண்டும். 109 என்றால் எச்பிஏ1சி 5.4 அளவில்தான் வரும். சென்சாரின் பிழையையும், அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் பாதி நாள் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டதையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. ஹீமோகுளோபின் 9.8 என்பதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் அங்கேதான் போனது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் விகிதம். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். இரும்புச்சத்துக் குறைவில் புது அணுக்கள் வருவது குறைந்து, ரத்தத்தில் வயதான அணுக்கள் அதிகமாகச் சுற்றும். அவற்றின்மேல் சர்க்கரையும் அதிகமாக ஒட்டியிருக்கும். உண்மையான சர்க்கரை கூடாமலேயே எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டும். நம் ஊரில் இத்தனை பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது, ஹீமோகுளோபினைப் பார்க்காமல் 6.1ஐ மட்டும் படித்து அனுப்புவது சரியில்லை.

ஆகவே உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்கிறேனா? இல்லை. வெறும் வயிற்றில் 101, அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே சுகர், உயரத்துக்கு 56 கிலோவைத் தாண்டாமல் இருக்க வேண்டிய இடத்தில் 68. இடுப்பளவு எழுதவில்லை, தொப்புளை ஒட்டி டேப் வைத்து அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் என்றால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது என்று அர்த்தம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தோடு சென்னை ஆய்வாளர்கள் நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், நூற்றுக்குப் பதினொரு பேருக்கு மேல் சர்க்கரை நோயும், பதினைந்து பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருந்தன. நீங்கள் அந்த வரிசையில் நிற்பதற்கான வாய்ப்பு நிறையவே இருக்கிறது. எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை சென்சார் சொல்லாது, எச்பிஏ1சியும் இப்போது சொல்லாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட்டைச் செய்யுங்கள். வெறும் வயிற்றில், ஒரு மணி நேரத்தில், இரண்டு மணி நேரத்தில் என மூன்று முறை ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேர எண் 140க்குக் கீழே இருந்தால் நல்லது, 140 முதல் 199 என்றால் முந்தைய நிலை, 200 என்றால் சர்க்கரை நோய். அதற்கு முன் மூன்று நாளாவது வழக்கம்போல் சோறு, இட்லி எல்லாம் சாப்பிட்டிருக்க வேண்டும். ஆம்லெட் விரதத்திலிருந்து நேராகப் போய் குளுக்கோஸ் குடித்தால் எண் பொய்யாக ஏறி இன்னொரு பயம் வந்து சேரும்.

சென்சாரை மாதாமாதம் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு, அதிலும் முதல் வகை சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்கு, கர்ப்பத்தில் இன்சுலின் தேவைப்படுகிறவர்களுக்கு, அடிக்கடி சர்க்கரை இறங்கி அது தெரியாமலே மயங்குகிற முதியவர்களுக்கு இது உயிர் காக்கும் பொருள். அவர்களில் பலருக்கு வாங்க வசதியில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஆப்பில் 70 முதல் 180 வரை பச்சையாகக் காட்டுகிறதே, நாளில் 70 சதவீத நேரம் அதற்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு, அதுவும் அவர்களில் பெரும்பாலானோருக்காக 2019இல் நிபுணர்கள் கூடி வகுத்தது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் முதல் சென்சாருக்கு அனுமதி கிடைத்தது. அதிலிருந்து ஆரோக்கியமானவர்களிடமும் இதை விற்கும் வேகம் கூடிவிட்டது. விற்கிறவர்கள் சொல்வதுபோல் மாதாமாதம் போட்டுக்கொண்டால் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு நோய் வராமல் தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று இதுவரை இல்லை.

நோய் வராமல் தடுத்ததற்குச் சான்று உள்ள வழி ஒன்று இருக்கிறது, அதுவும் சென்னையிலிருந்தே. குளுக்கோஸ் டெஸ்ட்டில் முந்தைய நிலை என்று வந்த 531 பேரை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருடம் பின்தொடர்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரம் நடக்கவைத்து, சர்க்கரையையும் மைதா வகையறாவையும் எண்ணெயையும் குறைக்கவைத்தவர்களில் அது 39. மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இதில் எனக்குப் பிடித்த சேதி, நடந்தவர்களுக்கு எடை சொல்லும்படியாகக் குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. அப்போது யார் கையிலும் சென்சார் இல்லை.

சென்சாரை ஒரு தடவை போட்டது வீண் என்றும் நினைக்காதீர்கள். ஐந்தாறு மாதம் கழித்து, தம்பி மறுபடியும் அனுப்பினால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கையில் கேள்வியோடு போடுங்கள். ‘ஏழு மணிச் சாப்பாட்டுக்கு மாறியதில் என் காலை எண் இறங்கியதா?’ ‘சோற்றுக்கு முன்னால் காயையும் முட்டையையும் சாப்பிட்டால் எனக்கு வித்தியாசம் தெரிகிறதா?’ சாப்பிடும் வரிசையை மாற்றினால் உச்சி குறைகிறது என்று சின்ன ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், உங்களுக்கு எப்படி என்று நீங்களே பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே சாப்பாட்டை இரண்டு மூன்று நாள் திருப்பிச் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும், ஏனென்றால் அதே அளவு, அதே நேரம் சாப்பிட்டாலும் ஒரு நாள் 150, இன்னொரு நாள் 125 என்று வருவது சகஜம். முந்தைய ராத்திரி தூக்கம் கெட்டிருந்தால், மேனேஜரோடு வாக்குவாதம் என்றால், மாதவிடாய்க்கு முந்தைய வாரம் என்றால்கூட எண் மாறும். வேகமாக மாடி ஏறினால் சாப்பிடாமலேயே கொஞ்ச நேரம் ஏறும். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு ஒன்றும் சாப்பிடாமல் கோடு ஏறுகிறதே என்று கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். எழுந்திருக்கும் நேரத்துக்கு ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, எல்லோருக்கும் உள்ளதுதான். அந்த இரண்டு வாரத்தில் அலாரத்தை அணைத்துவிட்டு, ராத்திரி ஒரு முறை மட்டும் படத்தைத் திறந்து பார்த்தால் போதும். நீங்கள் பார்த்ததுபோல் நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தால் சாப்பாடே பகையாகிவிடும்.

பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறீர்கள். படுப்பதை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது எந்தச் சிறுதானியத்தைவிடவும் உங்களுக்கு உதவும். அப்புறம், நடை மட்டும் போதாது. சாப்பிட்ட சர்க்கரையில் கணிசமான பங்கு போய்ச் சேரும் இடம் தசை, நம் ஆட்களுக்கு அது குறைவு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குவது என்று தொடங்கி, முடிந்தால் நல்ல பயிற்சியாளரிடம் போங்கள்.

மகள் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒட்டாதீர்கள். பதின்மூன்று வயதில் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஓர் எண் வருவதைப் பார்த்து வளர்கிற பெண், சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்வாள். அம்மா இட்லியைப் பார்த்துப் பயப்படுவதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் கழுத்தின் பின்பக்கத்தையும் அக்குளையும் பாருங்கள். அழுக்குப் படிந்ததுபோல் கறுத்து, தோல் தடித்து, தேய்த்தாலும் போகாமல் இருந்தால் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். அப்படி இருந்தால், அல்லது மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தால், குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போய் ரத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அவளுக்குத் தேவை சாயங்காலம் ஒரு மணி நேர விளையாட்டு. பிஸ்கட்டும் குளிர்பானமும் வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். எடையைப் பற்றி அவள் காதுபடப் பேச வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: குளுக்கோஸ் டெஸ்ட், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் டெஸ்ட்), முழு ரத்தப் பரிசோதனை, கொலஸ்டிரால் விவரம், ஈரல் பரிசோதனை, ரத்த அழுத்தம். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்பதை எழுதவில்லை. அதிகம் என்றால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நாற்பது வயதுக்கு மேல் ரத்தம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் இரும்பு மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருக்கக் கூடாது. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதித் தந்தால் காபி, டீ, பாலோடு சேர்த்துப் போடாமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எச்பிஏ1சியை உடனே திருப்பிப் பார்க்க வேண்டாம். புது அணுக்கள் திமுதிமுவென்று வரும்போது அது குறைவாகக் காட்டிப் பொய் சொல்லும். ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டி மூன்று மாதம் ஆன பிறகு எடுத்துப் பார்த்து, ரிசல்ட்டை எனக்கு எழுதுங்கள்.